ப்ரெட் ஹார்ட்: வேஷமும் ஆளும் ஒன்றாகிப்போன கதை

1984-ல் கனடாவின் கால்கரி நகரத்திலிருந்து டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தபோது மல்யுத்த வீரர் ப்ரெட் ஹார்ட்டுக்கு 27 வயது. நிறுவனம் அவருக்குக் கொடுக்கப் பார்த்த வேஷம் கௌபாய். அவர் மறுத்துவிட்டார். வருஷா வருஷம் பெரிய ரோடியோ திருவிழா நடக்கும் கால்கரியில் ஒருவன் தன்னை கௌபாய் என்று சொல்லிக்கொண்டால் நிஜமாகவே குதிரையும் மாடுமாகத் திரிந்தவனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்பதுதான் அவர் பின்னாளில் சொன்ன காரணம். அதற்குப் பதிலாக, தன் அக்கா தங்கைகளில் ஒருவரைக் கட்டியிருந்த ஜிம் நைட்ஹார்ட்டோடு தன்னை ஜோடி சேர்த்துவிடுங்கள் என்று அவரே ஒரு யோசனை சொன்னார். ‘ஹார்ட் ஃபவுண்டேஷன்’ அணி அப்படித்தான் பிறந்தது.

புதிதாக வந்த ஒருவர் முதலாளி நீட்டிய வேஷத்தை வேண்டாம் என்று தள்ளுவது அந்தத் தொழிலில் அபூர்வம். வேஷம்தானே, போட்டுக்கொண்டு போகலாம் என்று இருப்பவர்களே அதிகம். தனக்குப் பொய் என்று படும் எதையும் ரிங்குக்குள் கொண்டுபோக மாட்டேன் என்ற ப்ரெட்டின் பிடிவாதம்தான் அவரை உச்சிக்கு ஏற்றியது. 13 வருஷம் கழித்து அதே நிறுவனத்திலிருந்து அவரை வெளியே தள்ளியதும் அதே பிடிவாதம்தான். முடிவு முன்கூட்டியே எழுதப்பட்ட ஒரு ஆட்டத்தில், சாம்பியன் பெல்ட் யாரிடம் போகிறது என்பதற்காக ஒரு மனிதர் தன் வாழ்க்கையையே ஏன் பணயம் வைத்தார் என்று பலர் இன்றும் கேட்கிறார்கள். அதற்குப் பதில் தேட வேண்டுமானால் அவர் வளர்ந்த வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

கால்கரியின் மேற்குப் பக்கம் ஒரு குன்றின் மேல் 1905-ல் கட்டிய பெரிய செங்கல் வீடு. ப்ரெட்டின் அப்பா ஸ்டூ ஹார்ட் 1950-களின் தொடக்கத்தில் அதை வாங்கினார். 1915-ல் பிறந்த ஸ்டூ, சின்ன வயதில் குடும்பத்தோடு ஆல்பர்ட்டா சமவெளியில் கூடாரத்தில் குளிரைத் தாங்கிக்கொண்டு வாழ்ந்தவர். அமெச்சூர் மல்யுத்தத்தில் கனடிய சாம்பியனாகி, பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்கு வந்து, ஸ்டாம்பீட் ரெஸ்லிங் என்ற நிறுவனத்தை நடத்தினார். அம்மா ஹெலன் நியூயார்க்காரர். பன்னிரண்டு பிள்ளைகள், எட்டுப் பையன்கள், நான்கு பெண்கள். ப்ரெட் எட்டாவது. பையன்கள் எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் அப்பாவின் தொழிலுக்குள் வந்தார்கள். பெண்கள் நால்வரும் கட்டிக்கொண்டது மல்யுத்த வீரர்களைத்தான். டெரிபிள் டெட் என்ற மல்யுத்தக் கரடி ஒன்றுகூடக் கொஞ்ச காலம் அந்த வீட்டுக்கு அடியில் குடியிருந்தது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கரடியோடு சண்டை போடுவதும் நிகழ்ச்சியில் ஒரு அங்கம்.

அந்த வீட்டின் நிலவறைக்கு ‘டன்ஜன்’ என்று பெயர். தரையில் பாய், தாழ்வான கூரை, உடற்பயிற்சிச் சாமான்கள். மல்யுத்தம் கற்றுக்கொள்ள வரும் பெரிய பெரிய ஆட்களை ஸ்டூ அங்கே கூட்டிக்கொண்டு போய், கை காலை முறுக்கி, அவர்கள் வலி தாங்காமல் அலறும் வரை பிடித்துவைப்பார். மேலே வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் கேட்கும். தன் சிறுவயது நினைவுகளில் ப்ரெட் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் அந்த நிலவறை. அங்கே நடந்தது நாடகம் கிடையாது. அங்கே யாருக்கும் முடிவு எழுதித் தரப்படவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி கூட்டத்துக்கு முன்னால் நடப்பது ஏற்பாடு செய்த ஆட்டம் என்றாலும், அதை ஆடுகிறவனுக்கு நிஜமான பிடி தெரிந்திருக்க வேண்டும் என்பது ஸ்டூவின் கொள்கை.

இங்கே தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவும் கனடாவும் அப்போது டெரிட்டரிகளாகப் பிரிந்து கிடந்தன. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முதலாளி, ஒரு உள்ளூர் டிவி நேரம், வாரா வாரம் அதே அரங்குகள். யார் ஜெயிப்பது என்பதை புக்கர் முடிவு செய்வார். நல்லவன் பேபிஃபேஸ், கெட்டவன் ஹீல். இது ஏற்பாடு என்ற ரகசியத்தை வெளியே விடாமல் காப்பதற்குப் பெயர் கேஃபேப். ரிங்கில் எதிரிகளாக இருப்பவர்கள் வெளியே ஒரே காரில் போகக்கூடாது, ஒரே உணவகத்தில் உட்காரக்கூடாது. ஹீல் தன் தெருக்காரர்களிடமும் முறைப்பாகத்தான் இருக்க வேண்டும். அதாவது வேஷத்தைக் கலைக்கவே கூடாது. அப்படிப்பட்ட வீட்டில் வளரும் பையனுக்கு, உங்கப்பா செய்வதெல்லாம் பொய்தானே என்று யாராவது சொன்னால், அது குடும்ப கௌரவத்தின் மேல் விழும் அடியாகத்தான் தெரியும்.

இந்த ரகசியத்தை உடைத்தது வெளியாள் யாரும் இல்லை. ஸ்டூவிடமிருந்து 1984-ல் ஸ்டாம்பீடை வாங்கிய, டபிள்யூ.டபிள்யூ.எஃப். முதலாளி வின்ஸ் மெக்மஹன்தான். 1989-ல் நியூஜெர்சி மாநில செனட்டுக்கு முன்னால் டபிள்யூ.டபிள்யூ.எஃப். தரப்பு, இது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று எழுத்து மூலம் ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டணங்களையும் கட்டுப்பாடுகளையும் தவிர்க்கத்தான் அது. வியாபாரக் கணக்கில் சரியான காரியம். ஆனால் அப்பாவின் நிலவறையில் வளர்ந்த ப்ரெட்டுக்கும் மெக்மஹனுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடுகிறது. ஒருவருக்கு அது கைத்தொழில், இன்னொருவருக்கு அது டிவி நிகழ்ச்சி.

யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்

ப்ரெட் ஆரம்பத்தில் மல்யுத்தக்காரராக வர ஆசைப்படவில்லை. பள்ளியில் அமெச்சூர் மல்யுத்தத்தில் கால்கரி நகர சாம்பியனானார், அதுவும் அப்பாவின் மனம் குளிர வேண்டுமே என்பதற்காக. மனசு இருந்தது சினிமாவில். மவுண்ட் ராயல் கல்லூரியில் திரைப்படப் படிப்பில் சேர்ந்தார். படிப்பு நிலைக்கவில்லை. படம் வரைகிற பழக்கமும் உண்டு. வீரர்கள் உடை மாற்றும் அறையில் சக வீரர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து வைப்பது அவர் வழக்கம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பின்னாளில் அவர் ஆட்டங்களை அமைத்த விதம் புரியும்.

தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்பா மட்டும் இல்லை. ஸ்டாம்பீடில் இருந்த ஹிட்டோ, சகுராடா என்ற இரண்டு ஜப்பானிய வீரர்களிடம்தான் அவர் முறையாகப் பயிற்சி எடுத்தார். விழுவது எப்படி, எதிராளியை விழ வைப்பது எப்படி, இரண்டு பேரும் காயமில்லாமல் எழுவது எப்படி என்பது அங்கே கற்றது. ஸ்டூவிடம் வலியைப் பற்றித் தெரிந்துகொண்டார் என்றால், அந்த ஜப்பானியர்களிடம் வலியைப் போலத் தெரிய வைக்கும் வித்தையைத் தெரிந்துகொண்டார்.

மூன்றாவது பெயர் டைனமைட் கிட். இங்கிலாந்திலிருந்து கால்கரிக்கு வந்த டாம் பில்லிங்டன். உருவத்தில் சின்னவர், வேகத்திலும் துணிச்சலிலும் அன்று அவருக்கு ஈடில்லை. உடல் எடைக்கு எடை பார்த்தால் தான் பார்த்த மிகச் சிறந்த வீரர் அவர்தான் என்று ப்ரெட் பல முறை சொல்லியிருக்கிறார். சின்ன உடம்பை வைத்துக்கொண்டு பெரிய ஆட்களுக்கு நடுவே நம்பும்படி ஆடலாம் என்பதற்கு டைனமைட்தான் அவருக்கு உதாரணம். ஆனால் டைனமைட் தன் உடம்பையும் எதிராளியின் உடம்பையும் பற்றிக் கவலைப்படாதவர். 30 வயதுக்கு முன்பே முதுகு போயிற்று. பிறகு சக்கர நாற்காலி. 2018-ல் தன் 60-ஆவது பிறந்தநாள் அன்று இறந்தார். ப்ரெட்டின் பாணியை டைனமைட்டின் பாணியோடு வைத்துப் பார்த்தால், எதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் அவரிடமிருந்தே கற்றிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஹிட்மேன்

ரிங்கில் ‘ஹிட்மேன்’ என்று பெயரெடுத்த ப்ரெட், ஆரம்பத்தில் மைக் முன்னால் பேசத் திணறினார். ஹல்க் ஹோகன் என்ற நட்சத்திரத்தின் காலம் அது. கண்ணை உருட்டிக் கத்துகிறவர்களுக்குத்தான் மரியாதை. கண்ணில் தெரியும் பதற்றத்தை மறைக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். அதுவே அடையாளமாகிவிட்டது. பின்னால் நல்லவன் வேஷத்துக்கு மாறியதும் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் அந்தக் கண்ணாடியைக் கழற்றி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தைக்கு மாட்டிவிடுவார். கறுப்போடு ரோஸ் நிறம் கலந்த உடை, எண்ணெய் பூசிய நீளமான முடி. ரோஸ் நிறத்தில் ஒரு முரட்டு ஆள் என்பது அன்றைக்குக் கொஞ்சம் துணிச்சலான விஷயம்தான். வர்ணனையாளர் கொரில்லா மான்சூன் அவருக்கு வைத்த பட்டம் ‘எக்ஸலன்ஸ் ஆஃப் எக்ஸிக்யூஷன்’, செய்வதைச் சுத்தமாகச் செய்கிறவர் என்று. மற்றவர்களுக்கெல்லாம் பூதம், அரசன், கோமாளி என்று பட்டங்கள் இருந்த காலத்தில் இவருக்கு மட்டும் வேலைத்திறனே வேஷமாகிவிட்டது.

1991 ஆகஸ்டில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மிஸ்டர் பெர்ஃபெக்டைத் தோற்கடித்து நிறுவனத்தின் இரண்டாம் நிலைப் பட்டமான இன்டர்கான்டினென்டல் சாம்பியன் ஆனார். எதிராளிக்கு அப்போது முதுகில் கடுமையான காயம். பார்த்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 29 அன்று லண்டன் வெம்பிளி ஸ்டேடியத்தில், சுமார் 80,000 பேருக்கு முன்னால், தங்கை கணவரான இங்கிலாந்துக்காரர் டேவி பாய் ஸ்மித்தோடு மோதினார். ப்ரெட் சொல்லும் கதைப்படி, ஆட்டம் தொடங்கிய சில நிமிஷங்களிலேயே டேவிக்குத் திட்டமெல்லாம் மறந்துபோயிற்று. மீதி ஆட்டம் முழுக்க அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ப்ரெட் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் தோற்றவரும் அவரே. உள்ளூர்க்காரர் ஜெயித்த சந்தோஷத்தில் அரங்கம் அதிர்ந்தது. அதே வருஷம் அக்டோபர் 12 அன்று சாஸ்கட்டூனில் ரிக் ஃப்ளேரைத் தோற்கடித்து முதல் தடவையாக டபிள்யூ.டபிள்யூ.எஃப். சாம்பியன். மொத்தம் ஐந்து தடவை அந்தப் பட்டம் அவரிடம் இருந்தது.

ஸ்டெராய்டு விவகாரம் நீதிமன்றம் வரைக்கும் போய், பெரிய பெரிய உடம்புகள் மேல் சந்தேகம் விழுந்த நேரம் அது. சாதாரண உடல்வாகு கொண்ட, ஆட்டம் தெரிந்த ஒருவரை முன்னால் நிறுத்த வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இருந்தது. ப்ரெட்டின் திறமை மட்டுமே அவரை மேலே கொண்டுவந்தது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. காலமும் கைகொடுத்தது.

அவருடைய ஆட்டங்களில் எதையாவது ஒன்றை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் 1997 மார்ச் 23, சிகாகோவை ஒட்டிய ரோஸ்மான்ட்டில் நடந்த, நிறுவனத்தின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 13. எதிராளி ஸ்டீவ் ஆஸ்டின். ஆட்டம் தொடங்கும்போது ப்ரெட் நல்லவர், ஆஸ்டின் கெட்டவர். முடியும்போது நேர் மாறாகிவிட்டது. ஒரே ஆட்டத்தில் இரண்டு பேரும் கட்சி மாறுவது மிகக் கடினமான காரியம், அதற்குக் கூட்டத்தின் மனசை நிமிஷத்துக்கு நிமிஷம் படிக்கத் தெரிய வேண்டும். ப்ரெட் ஆஸ்டினின் முழங்காலை விடாமல் குறிவைத்து அடிக்கிறார். முதலில் அது சாமர்த்தியம் போலத் தெரிகிறது, போகப் போகக் கொடூரமாகத் தெரிகிறது. ஆஸ்டின் முகமெல்லாம் ரத்தம். அப்போது நிறுவனத்தில் ரத்தம் காட்டத் தடை இருந்தது. இவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, தற்செயலாக நடந்தது போலச் செய்தார்கள். கடைசியில் ப்ரெட், எதிராளியைக் குப்புறப் போட்டுக் காலை மடக்கி முறுக்கும் தன் ஷார்ப்ஷூட்டர் பிடியைப் போடுகிறார். ரத்தம் வழியக் கத்தும் ஆஸ்டின் ‘விட்டுவிடுகிறேன்’ என்று சொல்லவே இல்லை. மயங்கித்தான் விழுகிறார். ஜெயித்த பிறகும் ப்ரெட் அடிப்பதை நிறுத்தவில்லை. நடுவராக இருந்த கென் ஷாம்ராக் அவரைத் தூக்கி எறிகிறார். கூட்டம் நொண்டிக்கொண்டு போகும் ஆஸ்டினுக்குக் கை தட்டுகிறது.

ஆட்டத்தில் தோற்றவர் அந்தத் தொழிலின் மிகப் பெரிய நட்சத்திரமானார். ஜெயித்தவர் கெட்டவரானார். அப்படி ஒரு திருப்பத்தை ஒத்துக்கொள்ள ப்ரெட்டுக்கு எளிதாக இருந்திருக்காது. கண்ணாடியைக் குழந்தைக்கு மாட்டிவிடுகிற ஆள் என்பது அவருக்கு வெறும் வேஷம் இல்லையே. ஆனால் ஒத்துக்கொண்டார். தன்னைப் பற்றிய கர்வம் மட்டுமே இருந்த ஒருவரால் அந்த ஆட்டத்தை ஆடியிருக்க முடியாது என்பது என் கருத்து. அதே வருஷம் பின்னால் வந்த மாண்ட்ரியல் விவகாரத்தில் அவரைக் குறை சொல்பவர்கள் இந்த ஆட்டத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து வந்த மாதங்கள்தான் அடையாளம் என்ற விஷயத்தில் மிக விசித்திரமானவை. கெட்டவரான ப்ரெட், தம்பி ஓவன், டேவி பாய் ஸ்மித், நைட்ஹார்ட், பிரையன் பில்மன் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு அமெரிக்காவைத் திட்ட ஆரம்பித்தார். கனடாவில் நோயாளிகளையும் வயதானவர்களையும் பார்த்துக்கொள்கிறோம், மருத்துவ வசதி எல்லோருக்கும் இருக்கிறது, துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு இருக்கிறது என்று ரிங்கில் நின்று பேசினார். அமெரிக்க நகரங்களில் அதற்கு ஊளையிட்டார்கள். எல்லையைத் தாண்டினால் அதே ஆள், அதே பேச்சு, அதே உடை, ஆனால் தேசிய வீரன். 1997 ஜூலை 6 அன்று கால்கரி சேடில்டோமில் ஹார்ட் குடும்பத்துக்குக் கிடைத்த வரவேற்பை இன்றைக்குப் பார்த்தாலும் புல்லரிக்கும். அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில். அவர் பேசிய வசனங்களில் பாதி அவர் நிஜமாகவே நம்பியவை. வேஷத்துக்கும் ஆளுக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடைவெளியும் அந்தக் கோடையில் போய்விட்டது.

மாண்ட்ரியல்

1996-ல் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ. பெரிய தொகையோடு வந்தபோது அதை மறுத்து மெக்மஹனோடு 20 வருஷ ஒப்பந்தம் போட்டார் ப்ரெட். ஒரு வருஷத்தில் மெக்மஹன், இந்தச் சம்பளத்தை என்னால் கொடுக்க முடியாது, அங்கேயே போய்ப் பேசிக்கொள் என்றார். ப்ரெட் பேசினார், அங்கே போவதும் முடிவாயிற்று. பிரச்சினை என்னவென்றால் அப்போது சாம்பியன் பெல்ட் அவர் இடுப்பில் இருந்தது. போவதற்கு முன் யாரிடமாவது தோற்றாக வேண்டும். மெக்மஹன் சொன்ன ஆள் நிறுவனத்தின் இன்னொரு நட்சத்திரமான ஷான் மைக்கேல்ஸ். இடம் மாண்ட்ரியல்.

மைக்கேல்ஸோடு ப்ரெட்டுக்கு நிஜமாகவே ஆகாது. உனக்காகத் தோற்க எனக்கு ஆட்சேபம் இல்லை என்று தான் சொன்னபோது, நான் உனக்காகத் தோற்க மாட்டேன் என்று மைக்கேல்ஸ் பதில் சொன்னதாக ப்ரெட் சொல்லியிருக்கிறார். அந்த மரியாதைக் குறைவுதான் அவரைச் சுட்டது. கனடாவில், அதுவும் அந்த வருஷம் முழுக்கக் கனடாவின் வீரனாக நின்ற பிறகு, மைக்கேல்ஸிடம் தோற்க முடியாது என்றார். ஒப்பந்தத்தின் கடைசி 30 நாளுக்குத் தன் பாத்திரம் என்ன செய்யலாம் என்பதில் அவருக்கு ஓரளவு அதிகாரம் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. மாண்ட்ரியல் ஆட்டம் கைகலப்பில் கலைய வேண்டும், மறுநாள் டிவி நிகழ்ச்சியில் பெல்ட்டை ஒப்படைத்துவிடுகிறேன் என்பது பேசி முடித்த ஏற்பாடு.

1997 நவம்பர் 9. ஆட்டத்தின் நடுவே மைக்கேல்ஸ் ப்ரெட்டின் சொந்தப் பிடியான ஷார்ப்ஷூட்டரை அவர் மேலேயே போடுகிறார். ப்ரெட் அதிலிருந்து திமிறித் திருப்ப வேண்டும் என்பது திட்டம். அதற்குள் ரிங்குக்குப் பக்கத்தில் வந்து நின்ற மெக்மஹன் மணியை அடிக்கச் சொல்கிறார். அப்படி எதுவும் நடக்க விடமாட்டேன் என்று ப்ரெட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்த நடுவர் ஏர்ல் ஹெப்னரும் சைகை காட்டிவிட்டு ஓடுகிறார். ப்ரெட் தோற்றதாக அறிவிப்பு. ப்ரெட் மெக்மஹன் முகத்தில் துப்பினார், பக்கத்தில் இருந்த மானிட்டர்களை உடைத்தார், போகப்போகும் நிறுவனத்தின் பெயரைக் காற்றில் எழுதிக் காட்டினார். உள்ளே போன பிறகு உடை மாற்றும் அறையில் மெக்மஹனுக்கு ஒரு குத்து விட்டார். அந்தச் சமயம் ஒரு ஆவணப்படக் குழு ப்ரெட்டைப் பின்தொடர்ந்துகொண்டிருந்ததால், ஆட்டத்துக்கு முன் மெக்மஹனோடு நடந்த பேச்சு அவர் உடம்பில் மறைத்து வைத்திருந்த மைக்கில் பதிவாகியிருந்தது. இல்லாவிட்டால் இதையும் ஒரு நாடகம் என்று உலகம் சொல்லியிருக்கும். எனக்கு எதுவும் தெரியாது என்று சில வருஷம் சாதித்த மைக்கேல்ஸும் கடைசியில் தனக்கு முன்கூட்டியே தெரியும் என்று ஒப்புக்கொண்டார்.

மெக்மஹன் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பதை மறைக்க முடியாது. 1995 டிசம்பரில் அவர்களுடைய மகளிர் சாம்பியன் ஒருவர் பெல்ட்டோடு போட்டி நிறுவனத்துக்குப் போய், நேரலையில் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார். ப்ரெட் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை. ஆனால் போட்டியில் பின்தங்கிக்கொண்டிருந்த முதலாளி அந்த நம்பிக்கையின் மேல் நிறுவனத்தையே வைக்கத் தயாராக இல்லை. பெல்ட் நிறுவனத்தின் சொத்து. கதை நிறுவனத்தின் சொத்து. பழைய வழக்கப்படி, ஒரு இடத்தை விட்டுப் போகிறவன் தோற்றுவிட்டுத்தான் போக வேண்டும். ஸ்டூ ஹார்ட்டின் மகனுக்கு இது தெரியாதது இல்லை.

சிக்கல் அங்கே இல்லை. ஹிட்மேன் யாருடையவர் என்பதில் இருந்தது. மெக்மஹன் கணக்கில் அது தன் டிவி நிகழ்ச்சியில் வரும் ஒரு பாத்திரம். ப்ரெட் கணக்கில் அது தன் அப்பாவின் பெயர், தன் உழைப்பு, கனடாவில் தன்னை நம்பும் பிள்ளைகள். மிக் ஃபோலி மாதிரி ஒருவர் கேக்டஸ் ஜேக், மேன்கைண்ட், டூட் லவ் என்று மூன்று வேஷத்தில் மாறி மாறி வந்தவர். வேஷங்கள் மாறினாலும் ஃபோலி ஃபோலியாகவே இருந்தார். மார்க் கலவே என்ற வீரர் 1990 முதல் 2020 வரை அண்டர்டேக்கராக இருந்தும், அந்தப் பிணக்கோலத்தை அவருடைய சொந்த வாழ்க்கை என்று யாரும் நினைக்கப் போவதில்லை. ப்ரெட் ஹார்ட் என்ற பாத்திரத்துக்கோ ப்ரெட் ஹார்ட் என்றே பெயர். வீடு, அப்பா, தம்பி, ஊர் எல்லாமே நிஜம். பாத்திரத்தை அவமானப்படுத்திவிட்டு ஆளை விட்டுவிட வழியே இல்லை. இத்தனையும் கொட்டி ஒரு வேஷத்தைக் கட்டியது தப்பு என்று சிலர் சொல்லலாம். அந்த வேஷத்தை நம்பும்படி ஆக்கியதே இதுதான்.

அந்த ராத்திரியின் பலன் மெக்மஹனுக்குக் கிடைத்தது. முதலாளி என்றாலே வெறுக்க வேண்டிய ஆள் என்று கூட்டம் முடிவு செய்ததும், அவர் அதையே ‘மிஸ்டர் மெக்மஹன்’ என்ற வில்லன் பாத்திரமாக்கிக்கொண்டார். அந்த வில்லனை ஆஸ்டின் உதைக்க, நிறுவனம் பணத்தில் புரண்டது. டபிள்யூ.சி.டபிள்யூ.-வுக்குப் போன ப்ரெட்டை அங்கே என்ன செய்வதென்றே தெரியாமல் வைத்திருந்தார்கள்.

பிறகு நடந்தவை

ஓவன் ஒப்பந்தத்தில் மாட்டி டபிள்யூ.டபிள்யூ.எஃப்-லேயே இருந்தார். 1999 மே 23 அன்று கான்சாஸ் சிட்டியில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வரும் ஒரு காட்சிக்காகத் தொங்கியவர் கீழே விழுந்து இறந்தார். 34 வயது. நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை. வழக்கு, சமரசம், அந்தச் சமரசத்தை ஒட்டிக் குடும்பத்துக்குள் பிளவு. அதே வருஷம் டிசம்பரில் டபிள்யூ.சி.டபிள்யூ. வீரர் கோல்ட்பெர்க் விட்ட ஒரு உதை ப்ரெட்டின் தலையில் நேராக விழுந்தது. மூளை அதிர்ச்சி. 2000-ல் ஆட்ட வாழ்க்கை முடிந்தது. 2002 ஜூனில் சைக்கிளிலிருந்து விழுந்து, அதனால் பக்கவாதம், இடது பக்கம் செயலிழந்தது. மெல்ல மெல்ல மீண்டார்.

ப்ரெட் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது பட்டங்களைவிட அதிகமாகப் பெருமைப்படுவது ஒரு விஷயத்துக்குத்தான். தன்னோடு ஆடிய யாரும் தன்னால் பெரிதாகக் காயப்படவில்லை என்பது. ஒருவர் தன் கழுத்தை உங்கள் கையில் கொடுக்கிறார், அதை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. இது எவ்வளவு கடினம் என்பதற்கு அவர் வீட்டிலேயே சாட்சி உண்டு. 1997 ஆகஸ்டில் ஓவன் போட்ட ஒரு பைல்டிரைவரில், அதாவது தலைகீழாகப் பிடித்துத் தரையில் இறக்கும் அடியில், ஆஸ்டினின் கழுத்து அடிபட்டு, சில வருஷத்தில் ஆஸ்டின் ஓய்வு பெறவே அது காரணமானது. ஓவன் அலட்சியக்காரர் இல்லை. ஒரு அங்குலம் தவறினால் அப்படித்தான். கோல்ட்பெர்க் மேல் ப்ரெட்டுக்கு இருக்கும் தீராத கோபம் இதனால்தான். கோல்ட்பெர்க் வருந்துவதாகப் பல முறை சொன்ன பிறகும் அவர் விடுவதாக இல்லை.

விடாமல் பிடித்துக்கொள்வது அவருடைய பெரிய பலவீனம். தோற்றம், பேச்சு, ஆட்டம் மூன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று சக வீரர்களுக்கு மதிப்பெண் போடும் பழக்கம் அவருக்கு உண்டு. சிலருக்கு அவர் கொடுக்கும் மதிப்பெண்ணில் பழைய பகைதான் பேசுகிறது. தன் ஆட்டங்களைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் சில நேரம் சிரிப்பு வரும், இவ்வளவு நிச்சயமா என்று. ஆனால் தன்னைப் பற்றிய அசிங்கங்களையும் அவர் மறைத்ததில்லை. பயணங்களில் ஒலிநாடாவில் பேசிப் பதிந்து வைத்த நாட்குறிப்புகளை வைத்து 2007-ல் வெளிவந்த தன்வரலாற்றில், வருஷம் முழுக்கச் சாலையிலேயே கழித்த வாழ்க்கையில் மனைவிக்குச் செய்த துரோகங்களும் இருக்கின்றன, ஸ்டெராய்டும் இருக்கிறது.

பக்கவாதத்தில் கிடந்தபோது மெக்மஹன் போன் செய்தார். 2006-ல் நிறுவனத்தின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம். 2010 ஜனவரி 4 அன்று அதே நிறுவனத்தின் ரிங்குக்குத் திரும்பி வந்து மைக்கேல்ஸைக் கட்டிக்கொண்டார். அந்த மன்னிப்பில் எவ்வளவு மனசு, எவ்வளவு வியாபாரம் என்று அப்போது பலர் சந்தேகப்பட்டார்கள். அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு பேசிய விதத்தைப் பார்த்தால் நிஜமான சமாதானம் என்றுதான் தெரிகிறது. அந்த வருஷம் ரெஸில்மேனியாவில் மெக்மஹனோடு வைத்த ஆட்டம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அடி வாங்க முடியாத உடம்போடு ஆடும் ஆட்டம் வேறெப்படி இருக்கும்.

இன்றைக்கு அவருடைய பாணி எங்கே இருக்கிறது என்று பார்த்தால், டாக்ஸ் ஹார்வுட், கேஷ் வீலர் என்ற எஃப்.டி.ஆர். ஜோடி கறுப்பும் ரோஸுமாக உடை போட்டு வெளிப்படையாகவே அவருக்கு மரியாதை செய்கிறார்கள். ஒரு காலையோ கையையோ தேர்ந்தெடுத்துக்கொண்டு ஆட்டம் முழுக்க அதையே கதையாக்குவது அவர்களும் செய்வது. அக்கா மகள் நட்டாலியா இன்னும் ஷார்ப்ஷூட்டர் போடுகிறார். 2019 மே மாதம் ஏ.இ.டபிள்யூ. என்ற புதிய நிறுவனம் லாஸ் வேகாஸில் தன் முதல் பெரிய நிகழ்ச்சியை நடத்தியபோது, தங்கள் உலக சாம்பியன் பெல்ட்டை ரசிகர்களுக்குக் காட்ட அவர்கள் கூப்பிட்டது ப்ரெட்டைத்தான். டபிள்யூ.டபிள்யூ.இ. என்று பெயர் மாறியிருந்த பழைய டபிள்யூ.டபிள்யூ.எஃப்., தன் ஹால் ஆஃப் ஃபேமில் அதற்கு முந்தைய மாதம்தான் ஹார்ட் ஃபவுண்டேஷன் அணிக்காக இரண்டாம் முறை அவரைச் சேர்த்திருந்தது. மெக்மஹனின் நிறுவனத்தைப் பகைத்துக்கொள்ளாமலேயே அதன் போட்டியாளருக்கு பெல்ட் ஏந்த அவரால் முடிந்தது. 2025-ல் ரோஸ்மான்ட் ஆட்டத்துக்கே தனியாக ஒரு ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் கொடுத்து, ஆஸ்டினையும் ப்ரெட்டையும் சேர்த்து மேடையேற்றினார்கள்.